அருகிலுள்ள கேலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு வீதம்: எந்த அளவீட்டை நம்புவது?

ஒரு கேலக்ஸியில் ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை வாயு விண்மீன்களாக மாறுகிறது என்பதை நேராக அளக்கும் கருவி எதுவும் இல்லை. கிடைப்பது ஒளி மட்டும்தான். இளம் பெரும் நிறை விண்மீன்கள் வெளியிடும் ஒளியை ஏதோ ஓர் அலைநீளத்தில் அளக்கிறோம். அவற்றோடு சேர்ந்து பிறந்திருக்கும் சிறிய விண்மீன்களின் நிறையை, தொடக்க நிறைப் பரவல் (ஒன்றாகப் பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை இருக்கும் என்பது) என்ற கணக்கை வைத்து ஊகித்துச் சேர்க்கிறோம். பிறகு அந்தப் பெரும் நிறை விண்மீன்களின் ஆயுளைக் கொண்டு வகுத்து வீதம் என்கிறோம். எந்த முறையை எடுத்தாலும் இந்த மூன்று படிகள் உண்டு. தூசு எவ்வளவு ஒளியை விழுங்கியது, அளவீடு எவ்வளவு காலத்தைச் சராசரியாக்குகிறது ஆகிய இரண்டில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

தரவுக் களஞ்சியத்தில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்பக் கேள்வியை வளைப்பதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. காலச் சாளரத்தையும் தூசையும் முதலில் முடிவு செய்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

கைவசம் இருக்க வேண்டிய எண்கள்

ராபர்ட் கெனிகட்டும் நீல் எவான்ஸும் 2012-இல் தொகுத்த மாற்றீட்டு எண்களையே இன்று பலரும் பயன்படுத்துகிறார்கள். ஒளிர்திறனை எர்க்/வினாடி அலகில் வைத்தால், ஆண்டுக்கு எத்தனை சூரிய நிறை என்ற வீதம் இப்படி வரும்:

எச்-ஆல்ஃபா (அயனியான ஹைட்ரஜன் வாயு தரும் சிவப்பு நிறமாலைக் கோடு): 5.4 × 10⁻⁴² × ஒளிர்திறன்
தொலை புறஊதா: 4.5 × 10⁻⁴⁴ × ஒளிர்திறன்
24 மைக்ரான் அகச்சிவப்பு: 2.0 × 10⁻⁴³ × ஒளிர்திறன்
மொத்த அகச்சிவப்பு: 3.9 × 10⁻⁴⁴ × ஒளிர்திறன்
1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ: 6.3 × 10⁻²⁹ × ஒளிர்திறன் (இதற்கு மட்டும் அலகு எர்க்/வினாடி/ஹெர்ட்ஸ்)

இவை குரூபா தந்த தொடக்க நிறைப் பரவலை வைத்துக் கணக்கிட்டவை. கெனிகட் 1998-இல் தந்த பழைய எண்கள் சால்பீட்டர் தந்த வேறொரு பரவலுக்கானவை. எச்-ஆல்ஃபாவுக்கு அப்போது 7.9 × 10⁻⁴² என்று இருந்தது. பழைய கட்டுரை ஒன்றின் வீதத்தையும் புதிய கட்டுரையின் வீதத்தையும் பக்கத்தில் வைத்து, விண்மீன் பிறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று முடிவு கட்டினால், அது கேலக்ஸியில் நடந்த மாற்றமல்ல, 7.9-க்கும் 5.4-க்கும் உள்ள வித்தியாசம்.

எச்-ஆல்ஃபா: மிகக் கூர்மையானது, ஆனால் நிறைய வேலை வாங்கும்

ஹைட்ரஜனை அயனியாக்கும் அளவுக்கு ஆற்றலுள்ள ஒளியைத் தருபவை ஏறத்தாழ 15 முதல் 20 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்கள். அவை 10 மில்லியன் ஆண்டுகளைத் தாண்டி வாழ்வது அரிது. எனவே எச்-ஆல்ஃபா காட்டுவது சற்று முன் நடந்ததை, அதாவது கடந்த 3 முதல் 10 மில்லியன் ஆண்டுகளை. சுருள் கரங்களில் விண்மீன்கள் பிறக்கும் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை.

சிக்கல் படத்தைத் தயாரிப்பதில் தொடங்குகிறது. வழக்கமான குறுகிய பட்டை ஃபில்டரின் அகலம் 60 முதல் 80 ஆங்ஸ்ட்ராம். அதில் வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி எச்-ஆல்ஃபா அல்ல, சாதாரண விண்மீன்களின் தொடர் ஒளி. அகன்ற சிவப்புப் பட்டைப் படம் ஒன்றை அளவிட்டுக் கழித்து அதை நீக்குகிறோம். 70 ஆங்ஸ்ட்ராம் ஃபில்டரில் எச்-ஆல்ஃபாவின் சமான அகலம் (கோட்டின் ஒளிக்குச் சமமான தொடர் ஒளியைத் தரும் அலைநீள அகலம்) 20 ஆங்ஸ்ட்ராம் என்று வையுங்கள். தொடர் ஒளி 70 பங்கு, கோடு 20 பங்கு. கழிக்கும் விகிதத்தில் 3 சதவீதம் தவறினால் 2.1 பங்கு கூடும் அல்லது குறையும். கோட்டின் அளவில் அது 10 சதவீதப் பிழை. பொறுத்துக்கொள்ளலாம். அதே படத்தில் கேலக்ஸியின் மையப் புடைப்புக்குப் போனால் சமான அகலம் 2 ஆங்ஸ்ட்ராமாக இறங்கிவிடும். அங்கே அதே 3 சதவீதத் தவறு கோட்டை முழுதாக அழித்துவிடும், அல்லது இல்லாத கோட்டை உண்டாக்கிவிடும். எச்-ஆல்ஃபா படங்களில் மையத்தில் தெரியும் பிரகாசமான பொட்டையும் கறுப்புப் பள்ளத்தையும் கண்டு கருந்துளையைத் தேடக் கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

விகிதத்தைக் கண்டுபிடிக்க, படத்திலுள்ள நம் பால்வழி விண்மீன்கள் முப்பது நாற்பதை எடுத்து, இரு படங்களிலும் அவற்றின் பாயங்களை (நம்மை வந்தடையும் ஒளியின் அளவுகளை) ஒப்பிட்டு இடைநிலை மதிப்பை எடுப்பது வழக்கம். ஆனால் கேலக்ஸியின் நிறமும் அந்த விண்மீன்களின் நிறமும் ஒன்றல்ல. அதனால் அந்த மதிப்பைத் தொடக்கமாக வைத்து, கேலக்ஸியில் கோடே இல்லாத பகுதிகள் பூச்சியமாகும் வரை சற்றே திருத்த வேண்டும். இன்னொரு சிறு இழப்பும் உண்டு. சிவப்புப் பட்டைப் படத்திலும் எச்-ஆல்ஃபா இருக்கிறது. அந்தப் பட்டை 1500 ஆங்ஸ்ட்ராம் அகலம் என்றால், கழிக்கும்போது கோட்டின் 5 சதவீதத்தையும் சேர்த்தே கழித்துவிடுகிறோம்.

கேலக்ஸியின் வேகத்தையும் மறக்கக் கூடாது. 1500 கிமீ/வினாடி வேகத்தில் விலகும் கேலக்ஸியில் கோடு 33 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கம் நகரும். 70 ஆங்ஸ்ட்ராம் ஃபில்டரின் ஓரத்துக்கே போய்விடும். தொலைநோக்கியின் எஃப்-விகிதம் சிறியதானால் ஃபில்டரின் மையமே நீலப் பக்கம் சரியும். நிலைமை இன்னும் மோசமாகும். அந்த அலைநீளத்தில் ஃபில்டரின் ஊடுருவு விகிதம் எவ்வளவு என்று பார்த்து வகுக்காமல் விட்டால் வீதம் பாதியாகவே வரலாம்.

நைட்ரஜன் அடுத்த தலைவலி. எச்-ஆல்ஃபா 6563 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது; அதன் இருபுறமும் 6548, 6584 ஆங்ஸ்ட்ராமில் நைட்ரஜன் கோடுகள். குறுகிய பட்டை ஃபில்டருக்குள் மூன்றும் நுழைந்துவிடும். பெரிய சுருள் கேலக்ஸிகளில் 6584 கோடு மட்டுமே எச்-ஆல்ஃபாவில் பாதி வரை வரலாம். உலோகம் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) குறைந்த குறுங்கேலக்ஸிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கழித்தால் பெரியவற்றில் வீதம் உப்பிவிடும், சிறியவற்றில் சுருங்கிவிடும்.

நிறமாலைப் படக்கருவி கிடைத்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை தீர்ந்துபோகும். சிலியிலுள்ள மிகப்பெரிய தொலைநோக்கியின் மியூஸ் கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமாலை தருகிறது. நைட்ரஜனைத் தனியே பிரிக்கலாம். ஹைட்ரஜனின் நீலப் பக்கக் கோடான எச்-பீட்டாவும் கிடைப்பதால் தூசையும் அங்கேயே கணக்கிடலாம். அதன் பார்வைப் புலம் ஒரு கலைநிமிடத்துக்கு (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கலைநிமிடம்தான். பெரிய கேலக்ஸி ஒன்றை முழுவதும் மூடப் பல சுட்டல்கள் வேண்டும்.

தூசுக் கணக்கு இதுதான். தூசே இல்லாத இடத்தில் எச்-ஆல்ஃபாவுக்கும் எச்-பீட்டாவுக்கும் உள்ள விகிதம் 2.86 (10,000 கெல்வின் வாயுவுக்கு). தூசு நீலத்தை அதிகம் விழுங்குவதால் விகிதம் ஏறும். 4 என்று வந்தால், எச்-ஆல்ஃபா சுமார் 0.85 பொலிவெண் (வானியலில் ஒளியை அளக்கும் மடக்கை அளவு) மங்கியிருக்கிறது, 2.2 ஆல் பெருக்க வேண்டும். எச்-பீட்டாவுக்கு அடியில் பழைய விண்மீன்களின் உட்கவர் கோடு ஒளிந்திருக்கும். விண்மீன் நிறமாலையைப் பொருத்திக் கழிக்காமல் அளந்தால் எச்-பீட்டா குறைவாகத் தெரியும். இல்லாத தூசுக்குத் திருத்தம் போட்டுவிடுவோம். தூசு மிக அடர்ந்த இடங்களில் இந்த முறையும் கைவிடும், ஏனென்றால் இரு கோடுகளும் மேல்தோலிலிருந்து மட்டுமே வருகின்றன.

தொலை புறஊதா: பொறுமையான சாட்சி

சுமார் 1500 ஆங்ஸ்ட்ராமில் ஒளிர்பவை சில சூரிய நிறை கொண்ட விண்மீன்கள் வரை உண்டு. ஆகவே கடிகாரம் நீள்கிறது. 100 மில்லியன் ஆண்டுகளின் சராசரி கிடைக்கிறது. இது குறையா நிறையா என்பது கேள்வியைப் பொறுத்தது. விண்மீன்கள் திடீரெனப் பெருமளவில் பிறக்கும் ‘விண்மீன் வெடிப்பு’ ஒன்று 20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நின்றுபோயிருந்தால் எச்-ஆல்ஃபா அணைந்திருக்கும், புறஊதா இன்னும் எரிந்துகொண்டிருக்கும். இரண்டும் முரண்படுகின்றன என்று கவலைப்பட வேண்டியதில்லை. அந்த முரண்பாடே அங்கு நடந்ததைச் சொல்லும் தகவல்.

குறுங்கேலக்ஸிகளில் புறஊதாவின் பக்கமே சாய வேண்டும். வீதம் ஆண்டுக்கு 0.01 சூரிய நிறைக்குக் கீழே போகும்போது, எந்த நேரத்திலும் அங்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பெரும் நிறை விண்மீன்கள்தான் இருக்கும். ஒன்று வெடித்தால் எச்-ஆல்ஃபா சட்டென இறங்கும். அருகிலுள்ள கேலக்ஸிகளை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், 0.003 சூரிய நிறை வீதம் அளவில் எச்-ஆல்ஃபா, புறஊதா காட்டுவதில் சராசரியாகப் பாதியைத்தான் காட்டியது. இன்னும் கீழே பத்து மடங்கு வித்தியாசம் வரை போனது. கேலக்ஸிகளின் வெளி வட்டுகளிலும் இதே கதை. எம்83 என்ற சுருள் கேலக்ஸியில் எச்-ஆல்ஃபா வட்டு முடிந்த இடத்துக்கு வெகு அப்பாலும் புறஊதாப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன.

தரவு இரண்டு இடங்களில் கிடைக்கும். 2003 முதல் 2013 வரை இயங்கிய கேலெக்ஸ் செயற்கைக்கோள் வானத்தின் பெரும்பகுதியை மூடியது, பிரிதிறன் 4.3 கலைவினாடி. அதன் தொலை புறஊதா உணரி 2009-இல் செயலிழந்தது. அதனால் சில கேலக்ஸிகளுக்கு அண்மை புறஊதா மட்டுமே இருக்கும். அதில் பழைய விண்மீன்களின் கலப்பு அதிகம். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டிலுள்ள புறஊதாத் தொலைநோக்கி 1.5 கலைவினாடிக்கும் நுணுக்கமாகப் பிரிக்கிறது, 28 கலைநிமிடப் புலத்தில். உங்கள் கேலக்ஸியை அது பார்த்திருந்தால், தனித்தனி விண்மீன் கூட்டங்களைப் பிரித்துப் பார்க்க அதுவே சரி. பார்த்திராவிட்டால் கேலெக்ஸ்தான் கதி.

பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரிது: தூசு. நம் பால்வழியின் தூசே கணக்கைக் கெடுக்கும். நிற மிகை (தூசு ஒளியை எவ்வளவு சிவப்பாக்கியது என்பதன் அளவு) 0.05 என்ற மிதமான திசையில் தொலை புறஊதா சுமார் 0.4 பொலிவெண் மங்கும். அதாவது 45 சதவீதம் கூட்ட வேண்டும். எச்-ஆல்ஃபாவுக்கு அதே திசையில் 12 சதவீதம் போதும். கேலக்ஸியின் சொந்தத் தூசு இதைவிட மோசம். புறஊதா நிறத்தின் சரிவை வைத்துத் தூசைக் கணிக்கும் முறை விண்மீன் வெடிப்புக் கேலக்ஸிகளுக்கு ஓரளவு பொருந்துகிறது. சாதாரணச் சுருள் கேலக்ஸிகளில் பழைய விண்மீன்களும் நிறத்தைச் சிவப்பாக்குவதால், தூசு இல்லாத இடத்திலும் தூசு இருப்பதாகச் சொல்லும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடலாம்.

24 மைக்ரான்: தூசு விழுங்கியதைத் தூசே திருப்பித் தருகிறது

விழுங்கிய ஒளியால் சூடேறும் தூசு அகச்சிவப்பில் ஒளிர்கிறது. எம்82 போன்ற தூசு மண்டிய வெடிப்புக் கேலக்ஸியில், ஆண்டுக்குச் சுமார் 10 சூரிய நிறை வீதத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பில்தான் தெரியும். அங்கே புறஊதாவை வைத்து வீதம் சொல்வது, மூடிய கதவின் சாவித் துவாரம் வழியாக வீட்டை அளப்பது போல.

2003-இல் ஏவிய ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 24 மைக்ரானில் 6 கலைவினாடிப் பிரிதிறன் தந்தது. வைஸ் செயற்கைக்கோள் முழு வானத்தையும் 22 மைக்ரானில் பார்த்தது, ஆனால் 12 கலைவினாடியில். ஜேம்ஸ் வெப் 21 மைக்ரானில் ஒரு கலைவினாடிக்கும் கீழே போகிறது.

அகச்சிவப்பை மட்டும் வைத்தால் இரு பக்கமும் அடி விழும். தூசைச் சூடேற்றுவது இளம் விண்மீன் மட்டுமல்ல. எம்31 (ஆண்ட்ரோமீடா) கேலக்ஸியின் மையப் புடைப்பில் பழைய விண்மீன்களே தூசைச் சூடேற்றுகின்றன. அதையெல்லாம் பிறப்பு வீதமாக எண்ணினால் மையத்தில் பிரசவ வார்டு இருப்பதாகத் தோன்றும். மறுபக்கம், உலோகம் குறைந்த குறுங்கேலக்ஸியில் தூசே குறைவு. ஒளி தப்பிப் போய்விடும், அகச்சிவப்பு வீதத்தைக் குறைத்துச் சொல்லும். கருந்துளை செயல்படும் மையம் இருந்தால் அதையும் மறைத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

இரண்டையும் கூட்டுவது

தூசிலிருந்து தப்பிய ஒளி ஒன்று, தூசில் சிக்கிய ஒளி ஒன்று. இரண்டையும் கூட்டினால் மொத்தம். பெரும்பாலான கேலக்ஸிகளுக்கு இதுவே சரியான தேர்வு. தனி அலைநீளத்தை வைத்து வீதம் தருவதற்கு இன்று நல்ல காரணம் வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 10 மெகாபார்செக் (சுமார் 3.3 கோடி ஒளியாண்டு) தொலைவில் ஒரு சுருள் கேலக்ஸி. நைட்ரஜனை நீக்கிய எச்-ஆல்ஃபா பாயம் 2 × 10⁻¹² எர்க்/வினாடி/செமீ². 24 மைக்ரானில் 1 ஜான்ஸ்கி (ஓர் அதிர்வெண் அலகுக்கான பாயத்தின் அளவு). பால்வழித் தூசுக்குத் திருத்திய தொலை புறஊதாப் பொலிவெண் 13.8.

எச்-ஆல்ஃபா ஒளிர்திறன் 2.4 × 10⁴⁰. திருத்தாமல் மாற்றினால் வீதம் 0.13. 24 மைக்ரான் ஒளிர்திறன் (அதிர்வெண்ணால் பெருக்கியது) 1.5 × 10⁴². இதை 0.020 ஆல் பெருக்கி எச்-ஆல்ஃபாவோடு கூட்டினால் 5.4 × 10⁴⁰, வீதம் 0.29. புறஊதா ஒளிர்திறன் 2.6 × 10⁴², தனியாக 0.12 தருகிறது. அகச்சிவப்பை 3.89 ஆல் பெருக்கிக் கூட்டினால் 8.4 × 10⁴², வீதம் 0.38.

திருத்தாத இரண்டும் 0.12, 0.13 என்று அழகாக ஒத்துப்போகின்றன, இரண்டுமே தவறு. கூட்டியவை 0.29, 0.38 என்று 30 சதவீதம் விலகுகின்றன. இந்த அளவு விலகல் சாதாரணம். இரு அளவீடுகள் ஒத்துப்போவது மட்டும் சரி என்பதற்குச் சான்றாகாது.

0.020 என்பது முழுக் கேலக்ஸிக்கான எண். தனி அயனி வாயுப் பகுதிகளுக்கு 0.031. காரணம் மேலே சொன்னதுதான்: முழுக் கேலக்ஸியில் அகச்சிவப்பின் ஒரு பங்கு பழைய விண்மீன்களுடையது, அதைக் குறைத்தே எடுக்க வேண்டும். கேலக்ஸியைத் துண்டு துண்டாக அளந்து 0.031-ஐப் போட்டுக் கூட்டி, முழுவதற்கு 0.020 போட்ட விடையோடு ஒப்பிட்டால் ஒத்துவராது. வராமல் இருப்பதுதான் இயல்பு.

செயல்முறையில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். எல்லாப் படங்களையும் அவற்றில் மோசமான பிரிதிறனுக்கு மங்கலாக்கிவிட்டே கூட்ட வேண்டும். வைஸ் 12 கலைவினாடி என்பது 10 மெகாபார்செக்கில் 580 பார்செக். அதற்குக் கீழே வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொருளில்லை. சில நூறு பார்செக்கைவிடச் சிறிதாக வெட்டினால் வேறொரு சிக்கலும் வரும்: ஒவ்வொரு துண்டிலும் ஒன்றிரண்டு விண்மீன் கூட்டங்களே இருக்கும், அவற்றின் வயதுதான் தெரியும், வீதம் தெரியாது. அடுத்தது பின்னணி. கேலக்ஸிக்கு வெளியே வளையம் வரைந்து இடைநிலை மதிப்பைக் கழித்த பிறகு, வளையத்தின் வெவ்வேறு பகுதிகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மூன்றாவது அலகு. கேலெக்ஸ் பொலிவெண்கள் ஏபி முறையில், வைஸ் பொலிவெண்கள் வேகா முறையில் உள்ளன (பூச்சியப் பொலிவெண்ணை வெவ்வேறாக வைக்கும் இரு முறைகள்). 22 மைக்ரானில் இரண்டுக்கும் 6.62 பொலிவெண் வித்தியாசம், அதாவது சுமார் 445 மடங்கு. இவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் படும் என்று நினைப்பீர்கள். நீண்ட அட்டவணையின் நடுவில் படுவதில்லை.

ரேடியோ

1.4 கிகாஹெர்ட்ஸில் தூசு ஒரு பொருட்டே இல்லை. 8 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்கள் வெடித்து முடுக்கிவிட்ட எலக்ட்ரான்களின் ஒளி அது. 100 மில்லியன் ஆண்டு அளவிலான சராசரி. பெரிய கேலக்ஸிகளில் அகச்சிவப்போடு நன்றாக ஒத்துப்போகிறது. குறுங்கேலக்ஸிகளில் எலக்ட்ரான்கள் தப்பிவிடுவதால் ரேடியோ குறைத்துச் சொல்லும்.

கண்டறிய முடியுமா என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள். மேலே சொன்ன கேலக்ஸிக்கு வீதம் 0.3 என்றால் ரேடியோப் பாயம் சுமார் 40 மில்லிஜான்ஸ்கி. இது 5 கலைநிமிடம் விட்டமுள்ள வட்டில் பரவியிருந்தால், என்விஎஸ்எஸ் என்ற ரேடியோ வான் ஆய்வின் 45 கலைவினாடிக் கற்றைக்குச் சராசரியாக 1.3 மில்லிஜான்ஸ்கிதான் விழும். அந்த ஆய்வின் இரைச்சல் 0.45. மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு; தட்டுத்தடுமாறித் தெரியும். கூர்மையான 5 கலைவினாடிக் கற்றை கொண்ட ஆய்வுக்குப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு: குறுகிய இடைவெளி ஆண்டெனா இணைகள் இல்லாத அணி, விரிந்து பரவிய ஒளியைப் பார்ப்பதே இல்லை. ரேடியோவைத் தனி அளவீடாக எடுப்பதைவிட, தூசு மிகுந்த கேலக்ஸிகளில் மற்றவற்றைச் சரிபார்க்கும் இரண்டாவது வாக்காக எடுப்பது நல்லது.

எந்தக் கேலக்ஸிக்கு எது

சாதாரணச் சுருள் கேலக்ஸியின் மொத்த வீதம் வேண்டுமா? தொலை புறஊதாவும் 22 அல்லது 24 மைக்ரானும் போதும். வானத்தின் பெரும்பகுதிக்குத் தரவு இருப்பதால் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளை ஒரே முறையில் அளக்கலாம். ஒப்பீட்டு ஆய்வுக்கு அந்தச் சீர்மை தனி மதிப்பு. கரங்களுக்குள் எங்கே பிறக்கிறது என்பதே கேள்வி என்றால் எச்-ஆல்ஃபாவும் 24 மைக்ரானும். வசதி இருந்தால் நிறமாலைப் படக்கருவி. ஆனால் எச்-ஆல்ஃபாவில் பாதி வரை அயனிப் பகுதிகளுக்கு வெளியே பரந்து கிடக்கும் வாயுவிலிருந்து வரலாம். அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முதலிலேயே தீர்மானித்து எழுதிவையுங்கள்.

குறுங்கேலக்ஸிக்குப் புறஊதா. ஒருசில மெகாபார்செக்குக்குள் இருந்தால் ஹபிள் படங்களில் விண்மீன்களை ஒவ்வொன்றாக எண்ணி, நிறமும் பொலிவும் கொண்டு பிறப்பு வரலாற்றையே மீட்கலாம். உழைப்பு அதிகம், மற்ற அளவீடுகளைச் சோதிக்க அதைவிட நேர்மையான வழி இல்லை. தூசு மண்டிய வெடிப்புக் கேலக்ஸிக்கு மொத்த அகச்சிவப்பும் ரேடியோவும். எல்லா அலைநீளங்களையும் ஒரு மாதிரிக்குள் போட்டுப் பொருத்தும் மென்பொருள்களும் உண்டு. அவை தரும் பிழை வரம்புகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. பிறப்பு வரலாற்றுக்கு அவை எடுத்துக்கொண்ட அனுமானத்தை மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தால் உண்மையான பிழை தெரியும்.

நீள்வட்டக் கேலக்ஸிகளில் இவை எதையும் நேரே போடக் கூடாது. அங்கே முதிர்ந்த விண்மீன்களே தொலை புறஊதாவில் ஒளிர்கின்றன, அவையே வாயுவையும் ஓரளவு அயனியாக்குகின்றன. கிடைக்கும் எண்ணை மேல் வரம்பு என்று மட்டும் எழுதலாம்.

எந்த முறையானாலும் தொலைவு சரியாக இருக்க வேண்டும். ஒளிர்திறன் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், தொலைவில் 10 சதவீதப் பிழை வீதத்தில் 21 சதவீதம். அருகிலுள்ள கேலக்ஸிகளுக்குச் செம்பெயர்ச்சியை வைத்துத் தொலைவு போடுவது ஆபத்து; அவற்றின் சொந்த ஓட்டம் விரிவு வேகத்தோடு கலந்துவிடுகிறது. செஃபீடுகளோ (துடிக்கும் விண்மீன்கள்) செம்பெருவிண்மீன் கிளையின் உச்சியோ (அவை எட்டும் அதிகபட்சப் பொலிவு) கொண்டு அளந்த தொலைவு இருந்தால் அதையே எடுங்கள். எடுத்த தொலைவையும் நிறைப் பரவலையும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், அடுத்தவர் புதிய தொலைவு வந்ததும் ஒரு பெருக்கலில் உங்கள் எண்ணைப் புதுப்பித்துக்கொள்வார்.